வலது தோளில் முந்தானை

ஆரணி,
ஆடி 2.

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு,

அம்மா உண்ணாமலை எழுதுகிறேன். படவேட்டு அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். தர்மாவரத்தில் நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. வேளைக்குச் சாப்பிடு என்றாலும் "சரிம்மா", ஆடிக்கு வந்துவிடு என்றாலும் "சரிம்மா". உனக்கு வேறு வார்த்தையே தெரியாதா?

முறுக்கு டப்பாவின் அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். முறுக்கு எடுக்கிற சாக்கில் நீயே எடுத்துவிடு. படித்ததும் கொளுத்திவிடு. இந்த விஷயத்தை இனிமேல் போனில் பேசக் கூடாது, எல்லாம் பதிவாகிறது என்று நம் தெரு ரேணுகாம்பாள் சொல்கிறாள். உன் மாமியார் சொல்லித்தானே இதெல்லாம் நடக்கிறது, அவர்களிடம் எதற்கு மறைக்க வேண்டும் என்று நீ நினைக்கலாம். ரங்கம்மாள் சம்பந்தியை உன் கல்யாணத்தன்றே எடைபோட்டு வைத்தவள் நான். நாளைக்கு ஏதாவது ஏடாகூடமானால், எங்களுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அவளைப் பெற்றவள் செய்த ஏற்பாடு என்று இந்தக் காகிதத்தையே தூக்கிக் காட்டுவார்கள். அதனால் எரித்துவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு நாலாம் மாதம் பிறந்துவிட்டது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று ரேணுகாம்பாள் அவசரப்படுத்துகிறாள். போனில் அன்றைக்குச் சொன்னேனே, அவளுக்குத் தெரிந்த அந்த ஆள் சின்னப் பெட்டி போல ஒரு மெஷினைக் காரில் வைத்துக்கொண்டு வருவானாம். வயிற்றில் வைத்துப் பார்த்து, பையனா பெண்ணா என்று அங்கேயே சொல்லிவிடுவானாம். பையன் என்றால் பழத்தட்டோடு உன்னைத் தர்மாவரத்துக்கு அனுப்பிவைப்பேன். மூன்றாவதும் பெண் என்றால், கலைக்கிற இடத்தையும் அவனே காட்டுவானாம். ஒரு நாள் படுத்திருந்தால் போதுமாம். இது தப்பு, போலீஸ் வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் "மூணாவதும் பொட்டைன்னா உங்க பொண்ணு உங்க வூட்டுலயே இருந்துக்கட்டும்" என்று உன் மாமியார் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்களே, அப்போது உன் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தாரே, அதற்கு மேல் நான் என்ன செய்வேன்? உன் வாழ்க்கை நிலைக்க வேண்டும். எனக்கு அதுதான் பெரிது. ஆடி வெள்ளிக்கு அம்மனுக்கு வேண்டுதல் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுக் குழந்தைகளோடு புறப்பட்டு வா.

இந்த நேரம் பார்த்து ஊரில் ஒரு படம் முளைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். கேலண்டர் அளவுக் காகிதம். ஒரே நிறம், நம் அரக்குப் பட்டின் நிறம். ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்குக் கண், மூக்கு எதுவும் இல்லை. தோளிலிருந்து இறங்குகிற முந்தானை கீழே வந்து அப்படியே தூளியாகத் தொங்குகிறது. தூளிக்குள் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான். ஓர் எழுத்து கிடையாது, பெயர் கிடையாது, கட்சி கிடையாது, போன் நம்பர் கிடையாது. காந்தி ரோட்டில் ஒட்டியிருக்கிறது, கோட்டை மைதானத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது, நம் தெரு முனைத் தண்ணீர்த் தொட்டியிலும் ஒட்டியிருக்கிறது. யார் ஒட்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலில் புதுப் புடவைக் கடை விளம்பரம் என்றார்கள். கடை பேர் போடாமல் எவன் விளம்பரம் செய்வான்? பிள்ளை பிடிக்கிறவர்கள் வைத்த அடையாளம் என்று இன்னொருத்தர் கிளப்பிவிட்டார். முந்தானை வலது தோளில் கிடக்கிறது, நம் ஊரில் எந்தப் பெண் வலது தோளில் போடுகிறாள், இது வடக்கத்திக்காரர்கள் கட்டு, சேட்டுகள் வேலைதான் என்று பட்டுக் கடைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு என்னவோ நர்ஸ் அமலா மேல்தான் சந்தேகம். மாசமாக இருக்கிறவர்களின் பேரை எழுதிக்கொண்டு வீடு வீடாகச் சுற்றுகிறவள் அவள். போன வாரம் நம் வாசலில் நின்று, "உங்க பொண்ணு எப்பம்மா வர்றாங்க?" என்று கேட்டாள். சும்மா கேட்டாளா, மோப்பம் பிடிக்கக் கேட்டாளா? இன்னும் வரவில்லை, தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். நீயும் வந்தால் அவள் கண்ணில் பட வேண்டாம்.

சின்னவளுக்கு இன்னும் குக்கர் விசில் என்றால் பயமா? கோடை லீவில் வந்தபோது விசில் வருவதற்குள் பெரியவள் ஓடி ஓடி வந்து தன் இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்துவாளே, அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சமையல்கட்டில் எனக்குத் துணைக்கு ஆள் இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது. உன் அப்பா போன மாதம் மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தபோது, பெரியவள் வரைந்தது என்று ஒரு காகிதச் சுருளைக் கொடுத்தனுப்பினாயாமே? அதைப் பீரோ மேல் பத்திரப்படுத்திவிட்டார். பேத்தி வரைந்ததை நான் பார்க்கக் கூடாதா? தூசு தட்ட எடுத்தால்கூட "அத்த வுடு" என்கிறார். இந்த மனிதருக்கு வர வர என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிட் தூக்காதே. அம்மன் உனக்கு ஒரு பையனைக் கொடுத்து என் மனதைக் குளிரவைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
உண்ணாமலை

*

ஆரணி,
ஆடி 9.

அன்பு ஜெயாவுக்கு அம்மா எழுதுவது.

டப்பா வந்து சேர்ந்தது என்று போனில் சொன்னாய். காகிதத்துக்குக் கீழே பார்த்தாயா என்று எப்படிக் கேட்பது? "முறுக்கு நல்லா இருந்துச்சா, அடி வரைக்கும் சாப்ட்டியா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "சரிம்மா" என்றாய். போ, உன்னோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. இந்த முறை தட்டை அனுப்புகிறேன். அதே இடம்.

படம் நின்றபாடில்லை. கிழித்த இடத்தில் மறுபடியும் ஒட்டுகிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் இருந்ததை நானே கிழித்தேன். தண்ணீர் பிடிக்கப் போவது போலக் குடத்தோடு போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து நகத்தால் சுரண்டி எடுத்தேன். மறுநாள் அதே இடத்தில் புதிது. சரி, அதையும் கிழித்தேன். அதற்கடுத்த நாள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. என்னைச் சீண்டுகிற மாதிரி இருக்கிறது.

சுகாதாரத் துறைக்காரர்கள் எத்தனை போஸ்டர் ஒட்டினார்கள், உனக்கே தெரியும். பெண் குழந்தையைக் காப்போம் என்று தொடங்கி மூச்சுவிடாமல் எழுத்து, சட்டப் பிரிவு, அபராதம், கீழே நாலு முகம். ஒருத்தராவது நின்று படித்தார்களா? ஆடு வந்து பசைக்காகப் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. இந்தச் சனியன் பிடித்த படத்தில் படிக்க ஒன்றுமே இல்லை, அதனால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் நிற்கிறார்கள். முதலில் தலையைச் சாய்த்து இது என்ன என்று பார்க்கிறார்கள். பிறகு முகம் மாறிவிடுகிறது. கீரை விற்கிற முனியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அதன் எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன முனியம்மா என்று கேட்டேன். "தூளி கட்டிக்கினு நிக்குதும்மா அந்தப் பொண்ணு, உள்ள புள்ளயக் காணம்" என்று சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவளுக்கு என்ன கதையோ, நான் மேலே கேட்கவில்லை. எனக்குத் தேவையா?

இன்னொரு கூத்து. காலையில் கோலம் போட்டு மிஞ்சிய மாவை எடுத்து யாரோ அந்தத் தூளிக்குள் ஒரு புள்ளி வைக்கிறார்கள். பிள்ளை படுத்திருப்பது மாதிரி. முதலில் ஒரு படத்தில்தான் இருந்தது, இப்போது போகிற வழியெல்லாம் புள்ளி. ரேணுகாம்பாள் ஈரத் துணியோடு போய்த் துடைத்துக்கொண்டே வருகிறாள். யார் வைத்தது என்று பார்க்க ஜன்னல் ஓரமே காவல் இருந்தேன். எதிர்வீட்டுக்காரியின் மாமியாரும் பூக்காரியும் வைத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த மாமியார்க்காரி தன் மருமகளை என்ன பாடு படுத்தினாள் என்று தெருவுக்கே தெரியும். அவள் போய்ப் புள்ளி வைக்கிறாள்! யாரைத்தான் நம்புவது?

நமக்கு வந்த தொல்லையைக் கேள். அந்த மெஷின்காரன் பயந்துவிட்டானாம். "ஊரே பாத்துக்கினு கீது, இப்போ வேணாம்" என்று சொல்லிவிட்டானாம். ரேணுகாம்பாள்தான் கெஞ்சிக் கூத்தாடி வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறாள். "அக்கா, ஜல்தியா முடிச்சிக்கலாம், அப்புறம் பேஜாராயிடும்" என்று என் உயிரை எடுக்கிறாள். வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி என்று வைத்துக்கொள். இடத்தை எழுத மாட்டேன், வந்தபின் சொல்கிறேன்.

இப்போது யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். இது சேட்டு வேலையும் இல்லை, அமலா வேலையும் இல்லை. கிழித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோட்டின் ஓரமெல்லாம் படிப்படியாக இருக்கிறது. வளைவுகூட வளைவாக இல்லை, கட்டம் கட்டமாக ஏறி இறங்குகிறது. கிராப் தாளில் புட்டா போட்டுப் பழகிய கை அது. புடவை டிசைன் போடுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம் அந்தக் கட்டங்களோடு குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா? உடனே அந்த வலது தோள் எனக்குப் பிடிபட்டது. நம் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கிறது, மேலே தெரிவது பின்பக்கம். அதனால் மயில் இடது பக்கம் பார்க்க வேண்டுமானால் வலது பக்கம் பார்க்கிற மாதிரி போட வேண்டும். முகூர்த்தப் புடவையில் பெண் பேர், மாப்பிள்ளை பேர் நெய்யக் கேட்டால் எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். இந்தப் படம் போட்ட கையும் பழக்கத்தில் திருப்பிப் போட்டிருக்கிறது. தறியில் நெய்திருந்தால் முந்தானை இடது தோளுக்கு வந்திருக்கும். காகிதத்தில் அடித்ததால் வலது தோளிலேயே நின்றுவிட்டது. கண்ணாடி முன்னால் பிடித்தேன். நம் ஊர்ப் பெண்ணாக நின்றாள்.

அப்படியானால் நம் ஆள் எவரோதான். டிசைன் போடுகிற வீடு எத்தனை இருக்கிறது இங்கே? எனக்கு நேராகச் சந்தேகம் போனது உன் அப்பா மேல். ஏன் என்று கேள். விடியற்காலையில் நடக்கப் போகிறேன் என்கிறார். முட்டிவலி என்று மாடிப்படி ஏறாதவருக்கு என்ன நடை? டப்பாவில் மைதா மாவு குறைகிறது. நான் எடுக்கவில்லை, இவர் என்ன பரோட்டாவா போடுகிறார்? சட்டைக் கையில் காய்ந்த பசை. பேனர் கடை எல்லப்பன் வீட்டு வாசலில் நின்று குசுகுசுவென்று பேசுகிறார், என்னைக் கண்டதும் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆடியில் இங்கே என்ன மழை?

நேற்று சாப்பாடு போடும்போது தட்டை வைக்காமல் கேட்டேன். அந்தப் படம் நீங்கள் போட்டதா என்றேன். "நான் போட்ட படம் இல்ல அது" என்றார். அம்மன் மேல் சத்தியமா என்றேன். "சத்தியமா" என்றார். பொய் சொல்லும்போது அவருக்குக் காது சிவக்கும், சிவக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். அவர் இப்போது கம்ப்யூட்டரில்தானே போடுகிறார். அதில் ஒரு பட்டனைத் தட்டினால் படம் தானே திரும்பிக்கொள்கிறது. இப்படிக் கையால் போட்டுத் தோளை மாற்றி வைக்கிற தப்பை அவர் செய்ய மாட்டார். அப்படியானால் ஒட்டுகிறவர் இவர், போட்டவர் வேறு. யாருக்காக இந்த வயதில் பசை வாளி தூக்குகிறார்? வேறு எந்த வீட்டுப் பெண்ணுக்காகவாவது இப்படி அலைந்தால் நான் சும்மா விடுவேனா? கண்டுபிடிக்காமல் ஓயமாட்டேன்.

நீ இதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வெள்ளிக்கு முந்தின நாளே வந்துவிடு. மாப்பிள்ளையைப் பஸ் ஏற்றிவிடச் சொல், கூட வர வேண்டாம்.

உனக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கும் அம்மா
உண்ணாமலை

*

ஆரணி,
ஆடி 16.

என் கண்ணே ஜெயா,

அம்மா எழுதுகிறேன். இந்த முறை எதையும் சுற்றி வளைக்கப்போவதில்லை.

திங்கட்கிழமை காலை தண்ணீர் பிடிக்கப் போனேன். தொட்டியில் புதுப் படம். அதே பெண், அதே அரக்கு நிறம், அதே வெறும் தூளி. ஆனால் இந்த முறை அவள் கொசுவத்தை ஒட்டி இரண்டு சின்னப் பெண்கள் நிற்கிறார்கள். மேலே மூலையிலிருந்து ஒரு பெரிய வாய் திறந்திருக்கிறது. முகம் கிடையாது, வாய் மட்டும். அந்த வாய்க்குக் கீழே பெரிய பெண் தன் இரண்டு கையாலும் சின்னப் பெண்ணின் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

குடம் நிரம்பி வழிவதே புடவையெல்லாம் நனைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அடிப் பெண்ணே, அது குக்கர் விசிலுக்காகப் பழகிய கை இல்லையே! அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும்போது பெரியவள் சின்னவளின் காதைப் பொத்துகிறாள்? நான் சிரித்தேனே, லீவில் பார்த்துவிட்டு நான் சிரித்தேனே!

அந்த வாய் உன் மாமியாருடையதாக இருக்கட்டும் என்று உற்று உற்றுப் பார்த்தேன். வாய்க்குத்தான் முகம் இல்லையே, எப்படித் தெரியும்? மெஷின்காரன் வருவான், வேண்டாம் என்றால் முடித்துவிடலாம் என்று போனில் முதல் முதலாக உன்னிடம் கத்திக் கத்திச் சொன்னவள் நான்தான். நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். குழந்தைகள் பக்கத்தில் இருந்தார்களா என்று நான் கேட்கவில்லை.

அப்படியே வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பீரோ மேலிருந்த சுருளை எடுத்தேன். இந்த முறை அவர் தடுக்கவில்லை. பிரித்தால், பெரியவளின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த கட்டம் போட்ட தாள்கள். ஒட்ட ஒட்டச் சேர்த்து, இரண்டு படத்தையும் கட்டம் கட்டமாகச் சிவப்பு ஸ்கெட்சால் அடைத்திருக்கிறாய். உன் கை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு முகூர்த்தப் புடவைக்கெல்லாம் பேரைத் திருப்பிப் போட்டவள் நீதானே. கல்யாணமாகிப் போனபின் நீ கிராப் தாளைத் தொட்டிருக்க மாட்டாய், அதனால்தான் அந்தப் பழைய பழக்கம் அப்படியே வந்திருக்கிறது.

பிடித்துக்கொண்டேன் உன் அப்பாவை. பெற்ற மகள் இப்படிப் போட்டு அனுப்பியிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்கெல்லாம் ஒட்டினீர்களே என்று கத்தினேன். அவர் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஊருக்குக் குடுக்கலடி அவ. அம்மா கிட்ட காட்டுப்பான்னுதான் குடுத்தா. வாயத் தொறந்து சொல்ல நீ எங்க வுட்ட? உன் கையில குடுத்தா கிழிச்சிப் போட்டிருப்ப. அதான் சுவரெல்லாம் ஒட்டுனேன். எத்தினிதான் கிழிப்பன்னு பாத்தேன்." தோளையாவது நேராக்கிப் போட்டிருக்கலாமே, சேட்டுகள் மேல் ஊர் பழி போட்டதே என்று கேட்டேன். "சேட்டுங்க மேல பழி போவும்னு எனக்கு எங்க தெரியும்? அது தப்புதான். ஆனா நேராக்கியிருந்தா உனக்கு அவ கைன்னு தெரிஞ்சிருக்காது" என்றார். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அமலாவை, சேட்டுகளை, எதிர்வீட்டு மாமியாரை, கட்டிய புருஷனை. உன்னை மட்டும் நினைக்கவே இல்லை. நீதான் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டாயே.

ரேணுகாம்பாள் அன்றைக்கே வந்தாள். இனி அந்தப் பேச்சோடு என் வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன். "அப்புறம் அங்க உம் பொண்ண வெரட்டிட்டா என் கிட்ட வராத" என்று சொல்லிவிட்டுப் போனாள். விரட்டினால் விரட்டட்டும். நம் வீட்டில் இடமா இல்லை, சோறா இல்லை? அந்த வார்த்தைக்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் போனேன். உன் மாமியார் சொன்னபோதே, அனுப்புங்கள் என் பெண்ணை என்று சொல்லியிருக்க வேண்டியது. நேற்று அமலாவை நானே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். உன் பேரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். காரில் வருகிற ஆளைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். அவள் காபியைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மேல் அவளுக்குச் சந்தேகம் போலிருக்கிறது, இருக்காதா பின்னே?

வயிற்றில் இருப்பது எதுவோ, அது வரட்டும். பெண்ணாக இருந்தால் மூன்று பேரும் மாற்றி மாற்றிக் காதைப் பொத்த வேண்டியிராத வீட்டில் வளரட்டும். நீ தூங்கிய தூளிப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து அலசிக் காயப்போட்டிருக்கிறேன். சரிகை குழந்தையின் கன்னத்தில் உரசாமல் கரையை வெளிப்பக்கம் மடித்துத்தான் கட்டுவேன், உனக்கும் அப்படித்தான் கட்டினேன்.

இன்று காலை வாசலில் கோலம் போட்டு முடித்தபின் கையில் கொஞ்சம் மாவு மிஞ்சியது. தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனேன். எதிர்வீட்டு மாமியார் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று அவள் முன்னாலேயே தூளிக்குள் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

உன் அப்பா நேரில் வருகிறார். பசை வாளியை இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன், தர்மாவரத்துச் சுவரையும் விட்டுவைக்க மாட்டார் போலிருக்கிறது. நீயும் குழந்தைகளும் வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு வருவார். அங்கேயே இருக்கிறேன் என்றாலும் மாப்பிள்ளையை உட்காரவைத்துப் பேசாமல் திரும்ப மாட்டார். அதை நீ முடிவு செய். ஆனால் எனக்கு ஒன்று வேண்டும் ஜெயா. அப்பாவின் போனிலிருந்து எனக்குப் பேசு. நான் கேட்பேன், பெண் என்றால் வேண்டாம் என்று முடித்துவிடலாமா என்று. நீ ஒரே ஒரு தடவை "மாட்டேம்மா" என்று சொல். படத்தில் பார்த்துவிட்டேன், உன் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். சத்தமாகச் சொல். பெரியவளை அன்றைக்கு மட்டும் கையைக் கீழே போடச் சொல், சின்னவளும் கேட்கட்டும்.

டப்பாவில் இந்த முறை அதிரசம். கடிதத்தைக் காகிதத்துக்குக் கீழே வைக்கவில்லை. மூடியைத் திறந்ததும் தெரிகிற மாதிரி மேலேயே வைத்திருக்கிறேன். உன் மாமியார் திறந்தால் திறக்கட்டும்.

மூன்று பிள்ளைகளோடும் நூறாயுசு நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
உண்ணாமலை